மூச்சை எண்ணி உட்காரும் இருபது நிமிடம்

தியானத்தில் உட்கார்ந்தால் மனம் அடங்கிவிடும் என்ற எதிர்பார்ப்போடுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். இரண்டு வாரம் போனதும், "மனசு நிக்கவே மாட்டேங்குது, எனக்கெல்லாம் இது சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். மனம் ஓடத்தான் செய்யும். ஓடியதைக் கவனித்து, திட்டாமல் திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சியே. இருபது நிமிடத்தில் முப்பது தடவை ஓடி, முப்பது தடவையும் திரும்பியிருந்தால் அன்றைக்கு நல்ல பயிற்சி நடந்திருக்கிறது என்று அர்த்தம். இதன் பலனையும் அந்த இருபது நிமிடத்துக்குள் தேடக்கூடாது. நாளின் மற்ற நேரத்தில்தான் அது தெரியவரும்.

இங்கே எடுத்துக்கொள்வது மூச்சை எண்ணும் தியானம். மந்திரம், தீட்சை எதுவும் தேவையில்லை. ஜப்பானின் ஜென் மரபில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

முதலில் உட்காரும் விதம். முட்டியைவிட இடுப்பு உயரமாக இருக்க வேண்டும். சமதரையில் சப்பணம் போட்டால் பலருக்கு முட்டி மேலே தூக்கிக்கொள்ளும், முதுகு பின்னால் வளையும், பத்தாவது நிமிடத்தில் இடுப்பு கடுக்கும். ஜமக்காளத்தை மடித்தோ கெட்டியான தலையணையை வைத்தோ நாலு முதல் ஆறு அங்குலம் உயர்த்தி, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். முட்டி தானாகத் தரையை நோக்கி இறங்கும். பத்மாசனம் கட்டாயமில்லை. முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். சாய்மானத்தில் சாயாமல், இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பதிய வேண்டும். மோவாய் லேசாக உள்வாங்கி இருக்கட்டும். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால் வருவது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், மெதுவாகக் காலை மாற்றி வையுங்கள். மரத்த காலோடு சட்டென்று எழுந்தால் கணுக்கால் பிசகிவிடும்.

இனி எண்ணுவது. மூச்சு அதன் போக்கில் போகட்டும். வெளியே போகும் மூச்சு முடிகிற இடத்தில் மனதுக்குள் "ஒன்று". அடுத்தது முடியும்போது "இரண்டு". பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவில் எண் தவறினால், எங்கே விட்டோம் என்று யோசிக்காமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 16 மூச்சு விடுகிறோம். அப்படிப் பார்த்தால் பத்து எண்ண ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை முழுதாகக் கடக்க முடியவில்லை என்பதை முதல் நாளே பார்த்துவிடுவீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான்.

மூச்சின் முடிவில் எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் எண்ணினால், எண்ணுக்காக மூச்சை இழுக்க ஆரம்பித்துவிடுவோம். கவனிக்கப்போய்க் கட்டுப்படுத்துவதாக அது மாறும். நெஞ்சு இறுகும், மூச்சு போதாதது போல் இருக்கும், சிலருக்குத் தலை லேசாகச் சுற்றும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் மாட்டுவது இந்த இடத்தில்தான். அப்போது எண்ணுவதை நிறுத்திவிட்டு, தொடை மேல் கிடக்கும் உள்ளங்கையின் சூட்டையும், உடம்பு தரையில் அழுந்தும் இடத்தையும் ஓரிரு நிமிடம் கவனியுங்கள். மூச்சு தன் பாட்டுக்குத் திரும்பியபின் தொடரலாம்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாதது. எண் பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டே இருக்கும், மனம் ஆபீஸில் இருக்கும். எண்ணுவது பழகிப்போய் தானாக ஓடுவதால் வருவது இது. பத்தில் நிறுத்தச் சொல்வது இதைக் கண்டுபிடிக்கத்தான்: பத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் ஆள் அங்கே இல்லை. அதற்கு மருந்து, எண்ணைவிட மூச்சுக்கு அதிக இடம் கொடுப்பது. மூக்கு நுனியிலோ அடிவயிற்றிலோ, ஒரே இடத்தில், மூச்சு வெளியேறும் நீளம் முழுவதையும் உணர்ந்துவிட்டுக் கடைசியில் எண்ணைத் தொட வேண்டும்.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, நாலடி தள்ளித் தரையைப் பாருங்கள். தினமும் வந்தால் இரவுத் தூக்கம் போதவில்லை, அதைச் சரிசெய்யாமல் தியானத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குக்கர் விசில், மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி எல்லாம் இடைஞ்சல் இல்லை. "சத்தம்" என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் போதும். கொசு மட்டும் உண்மையான எதிரி. மாலையில் உட்காருகிறவர்கள் இருட்டுவதற்கு முன்பே ஜன்னலைச் சாத்துங்கள்.

முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு இரண்டிரண்டு நிமிடமாகக் கூட்டி இருபதுக்கு வரலாம். பல் தேய்த்த கையோடு, காபிக்கு முன்னால் என்று ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு சேர்த்துக் கட்டினால்தான் நிற்கும். போனில் மணி வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் நாற்பது நிமிடம் உட்கார வேண்டாம். நேரமே இல்லாத நாளில் மூன்று நிமிடம் உட்காருங்கள். ஞாயிறன்று மட்டும் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட தினசரி பத்து நிமிடம் மேல்.

பலன் முதலில் தெரியும் இடம் கோபம். கோபம் வார்த்தையாக வருவதற்கு முன் உடம்பில் வரும்: தாடை இறுகும், காது சூடாகும், மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறும். தினமும் மூச்சோடு உட்காருகிறவருக்கு இந்த மாற்றம் சீக்கிரம் கண்ணில் படும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ குத்தலாக எழுதியிருக்கிறார்கள், பதில் தட்டச்சாகிவிட்டது, விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு மூச்சு முழுதாக வெளியே போகிற அளவு நேரம் கிடைக்கும். இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடி, விடும்போது குறைவது உடம்பின் இயல்பு. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக அது நடக்கிறது. நீளமாக விட்ட ஒரு மூச்சு அந்த நேரத்தில் கைகொடுப்பது அதனால்தான். கோபமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும், ஆனால் அது நம்மைப் பிடித்துவைத்திருக்கும் நேரம் குறையும். மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் "எப்போது வந்தது, எப்போது போனது" என்று மட்டும் குறித்துவந்தால் இரண்டு மாதத்தில் நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது வலி. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட் ஜின் என்பவர் தொடங்கிய தியானப் பயிற்சிக்கு, நாள்பட்ட வலியோடு அலைந்தவர்கள்தான் ஆரம்பத்தில் நிறைய வந்தார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் ஒன்றாக அந்தப் பயிற்சியை அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017இல் சேர்த்தது. வலி முழுக்கப் போய்விடுவதில்லை. "இனி என்ன ஆகுமோ" என்று வலியின் மேல் நாம் ஏற்றும் பயம் குறைகிறது, அதுவே பெரிய நிம்மதி.

ஆராய்ச்சி எவ்வளவு தூரம் துணைநிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொகுப்பாய்வு ஒன்று, பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் சிறிய அளவு முதல் மிதமான அளவு வரை முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னது. தூக்கம், கவனம், உடல் எடை ஆகியவற்றில் அப்படிச் சொல்லும்படி ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே சர்க்கரை போகும், எடை குறையும் என்ற விளம்பரங்களை ஒதுக்கிவிடுங்கள். பிரஷர் மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்துவது ஆபத்து.

உட்கார்ந்தாலே படபடப்பு கூடுகிறது, பழைய அதிர்ச்சி ஒன்று திரும்பத் திரும்ப மேலே வருகிறது என்றால் வற்புறுத்தி உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து, மெதுவாக நடந்தபடி பாதம் தரையைத் தொடுவதைக் கவனிப்பது பல நேரம் தாங்கக்கூடியதாக இருக்கும். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் எஸ்.என். கோயங்கா பரப்பிய விபாசனா என்ற தியான முறையைக் கற்றுத்தரும் மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. அங்கே பத்து நாள் முகாமில் முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான், ஆனால் தினமும் ஏறக்குறைய பத்து மணி நேரம், பேச்சில்லாமல். வீட்டில் சில மாதம் தினசரி உட்கார்ந்து பழகியபின் போவது நல்லது. விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பதற்கு எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.