தேர்தல் சோதனையில் சிக்கும் கொலுசும் கூலிப் பணமும்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் சேலத்தில் வெள்ளிக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி கொடுக்கும் வெள்ளிக்கட்டி பள்ளப்பட்டி, சிவதாபுரம், பனங்காடு என்று பட்டறை பட்டறையாகப் போகிறது. கம்பி இழுப்பது ஒரு வீடு, பொடி வைத்து ஊதி ஒட்டுவது இன்னொரு வீடு, மெருகு போடுவது வேறோர் இடம். ஒரு ஜோடி கொலுசு முடிவதற்குள் பலமுறை டூவீலரில் ஊரைச் சுற்றிவிடும். கூடவே போவது பெரும்பாலும் எடையும் டச்சும் (நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கு) எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்தான். சோதனையில் அந்தச் சீட்டு எடுபடாது.

50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தாலே பறிமுதல் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். தேர்தல் ஆணையத்தின் வழிமுறை அப்படிச் சொல்லவில்லை. வேட்பாளர், அவருடைய முகவர், கட்சிக்காரர் போகும் வண்டியிலோ, சுவரொட்டி போன்ற தேர்தல் பொருள் இருக்கும் வண்டியிலோ 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல் செய்யலாம். வாக்காளரை வளைக்கத் தரக்கூடிய பரிசுப் பொருளுக்கு 10,000 ரூபாய் வரம்பு. 10 லட்சத்துக்கு மேல் பணம் இருந்தும் குற்றச் சந்தேகமோ கட்சித் தொடர்போ இல்லையென்றால், சாலையில் நின்று வண்டிகளைச் சோதிக்கும் நிலைக் கண்காணிப்புக் குழு அதைப் பறிமுதல் செய்யவே கூடாது. வருமான வரித் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, விதி கேட்பது தொடர்பை. சாலையில் கேட்பதோ காகிதத்தை. இந்த இடைவெளியில்தான் அநியாயம் நடக்கிறது. 'உன் பொருள் என்று நீ நிரூபி' என்று சொல்லும்போது, குற்றம் இருப்பதைக் காட்ட வேண்டிய அரசின் சுமை கூலிக்காரர் தலையில் ஏறிவிடுகிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு. ரசீது இல்லாமை சந்தேகத்துக்கு ஒரு காரணமாகலாம், அதுவே குற்றமாகிவிடாது.

தேர்தல் சோதனைக்கு வரும் பறக்கும் படையினர் சந்தேகப்படுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜோடி ஜோடியாகச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்ட கொலுசைப் பார்த்தால் வீடு வீடாகக் கொடுக்கத் தயாரான பரிசு போலத்தான் தெரியும். எனவே காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்வதே நல்லது. கூலி வேலைக்குப் போகும் சரக்குக்கு எண் போட்ட டெலிவரி சலான் (சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டு) மூன்று பிரதி வேண்டும். அனுப்புபவர், வேலை செய்பவர் பெயர், தேதி, மொத்த எடை, டச், தோராய மதிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி சான்றிதழ் நகலும், கொண்டுபோகிறவர் பெயருக்கு முதலாளி கையெழுத்திட்ட கடிதமும் கூடவே இருக்கட்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: பழைய சலானையே மறுநாளும் காட்டுவது, டப்பாவும் கவரும் சேர்த்த எடை சலானோடு ஒத்துப்போகாதது.

மதிப்புக் கணக்கும் முக்கியம். 70 டச் கொலுசு 10 கிலோ என்றால் அதில் சுத்த வெள்ளி 7 கிலோதான். மொத்த எடையைச் சுத்த வெள்ளி விலையால் பெருக்கினால் தொகை ஊதிப் பெரிதாகும், செய்தியிலும் அந்தத் தொகைதான் வரும். டச்சைப் பறிமுதல் பட்டியலில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்காடு மலைத் தோட்டங்களில் சிக்குவது கூலிப் பணம். 40 பேருக்கு நாளுக்கு 450 ரூபாய் வீதம் ஆறு நாள் கூலி என்றாலே 1,08,000 ரூபாய். சேலத்தில் வங்கியில் எடுத்துக்கொண்டு மலையேறும் ரைட்டர் (தோட்டத்துக் கணக்கர்), பணம் எடுத்த சீட்டோடு அந்த வாரத்துச் செக்ரோல் (ஆள்வாரி வருகை, கூலிப் பட்டியல்) நகலையும் வைத்திருந்தால் அடிவாரத்திலேயே பேச்சு முடிந்துவிடும்.

பறிமுதல் நடந்துவிட்டால் கோபப்பட்டுப் பயனில்லை. சோதனை முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும் என்பது விதி. பறிமுதல் ஆவணத்தில் எங்கே மேல்முறையீடு செய்வது என்றும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். வெள்ளியை உங்கள் முன்னால் எடை போட்டு, முத்திரை வைத்து, அதன்மேல் உங்கள் கையெழுத்தையும் வாங்கச் சொல்லுங்கள்.

பிறகு போக வேண்டியது மாவட்டக் குறைதீர் குழுவிடம். ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர், தேர்தல் செலவுக் கண்காணிப்புக்கான பொறுப்பு அலுவலர், மாவட்டக் கருவூல அலுவலர் என்று மூன்று பேர். யாரும் மனு கொடுக்காவிட்டாலும் ஒவ்வொரு பறிமுதலையும் அந்தக் குழு தானாகவே பார்க்கக் கடமைப்பட்டது. வழக்கு இல்லை, கட்சித் தொடர்பு இல்லை என்றால் காரணம் எழுதி உடனே விடுவிக்க வேண்டும். வழக்கு இல்லாத எதையும் வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது.

அந்த ஏழு நாள் கெடுவை நம்பி மனு போடாமல் இருந்துவிடாதீர்கள். 2024ல் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16, தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. முதல் நாளே பிடிபட்ட சரக்கு, கெடு வரை இழுத்தால் 41 நாள் முடங்கும். பட்டறைக்காரருக்கு அது சொந்தச் சரக்கும் இல்லை. வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும், அடுத்த கட்டியும் கைக்கு வராது. குற்றமே செய்யாதவருக்கு இதைவிடப் பெரிய அபராதம் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் பறித்த சொத்தின் பணம் காவல் துறைக்கே போகிறது. இந்தியானாவில் ஒருவருடைய 42,000 டாலர் காரைப் பறிக்க அரசு முயன்றது. அவர் செய்த குற்றத்துக்கு உச்ச அபராதமே 10,000 டாலர்தான். மிகையான அபராதத்துக்கு எதிரான அரசியல் சாசனத் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று அந்த வழக்கில் 2019ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே பறக்கும் படைக்கு ஒரு பைசா கிடைப்பதில்லை. ஆனால் 'இன்று இத்தனை கோடி பறிமுதல்' என்ற எண்ணிக்கை இருக்கிறது, அதுவும் கையை நீளச் செய்யும். அதில் எவ்வளவு திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதையும் அதே அறிக்கையில், அதே பெரிய எழுத்தில் ஆணையம் வெளியிட வேண்டும்.

சரக்கு திரும்பி வரும்போது அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே எடை போடச் சொல்லுங்கள். சில கிராம் குறைந்தாலும் 'எடைக் குறைவுடன் பெற்றுக்கொண்டேன்' என்று குறைந்த அளவோடு ரசீதிலேயே எழுதி, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.