எங்கள் தெரு மோரிக்குக் கல் வந்த கதை: ஒரு வார்டு கமிட்டி அனுபவம்

பெங்களூரில் மாநகராட்சித் தேர்தல் 2015இல் நடந்தது. அப்போது வந்த 198 கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நிர்வாகம் முழுக்க அதிகாரிகள் கைக்குப் போனது. முன்பெல்லாம் தெருவிளக்கு எரியாவிட்டாலும் குப்பை வண்டி வராவிட்டாலும் காலையில் கவுன்சிலர் வீட்டு வாசலில் நாலு பேர் போய் நிற்போம். அந்த வாசல் இல்லாமல் போனதும் யாரைக் கேட்பது என்றே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியவில்லை. அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது, மாதாமாதம் கூடி வார்டு விஷயங்களைப் பேசும் வார்டு கமிட்டிதான். அங்கே ஒரு சின்ன வேலையை எப்படிக் கேட்டு வாங்கினோம் என்பதை எழுதுகிறேன். சங்கம், அசோசியேஷன் என்று எதுவும் இல்லாத எங்கள் மாதிரித் தெருக்காரர்களுக்கு இது பயன்படவேண்டும் என்பதுதான் என் ஆசை.

நாங்கள் இருப்பது நகரத்தின் கிழக்குப் பக்கம். மூன்று தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் குறுகலான தெரு. ஒரு பக்கம் முழுக்க மோரி, அதாவது மழைத்தண்ணீர் போகும் வடிகால். அதை மூட மேலே சப்படிக் கல், அதாவது தட்டையான பாளக் கல். மழைக்காலத்துக்கு முன்னால் தூர்வார ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். கற்களைக் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்தார்கள், மண்ணை அள்ளினார்கள், போய்விட்டார்கள். பெயர்த்ததில் பல கற்கள் உடைந்துபோயின. அவர்கள் போன பிறகு 14 இடத்தில் மோரி திறந்து கிடந்தது. தெருமுனையில் அங்கன்வாடி இருக்கிறது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் அந்த ஓரமாகத்தான் போகவேண்டும். நடுவில் நடந்தால் பைக்கும் ஆட்டோவும் இடிக்கும். எதிர்வீட்டு ஆயா ஒரு நாள் சாயங்காலம் பால் வாங்கப் போய் அதில் கால் வைத்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். எலும்பு முறியாததே பெரிய விஷயம்.

முதலில் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம், புகார் எண்ணும் கிடைத்தது. பிறகு வார்டு அலுவலகத்துக்கு நேரில் போனபோதுதான் ஒரு உதவிப் பொறியாளர் விஷயத்தைப் புரியவைத்தார். குப்பை அள்ளவில்லை, விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் இருக்கிற ஆளையும் பொருளையும் வைத்துத் தீர்க்கக்கூடியவை. அதற்குப் புகார் போதும். புதுக் கல் போடுவது அப்படியல்ல. அது ஒரு 'வொர்க்'. அதற்கு எஸ்டிமேட் வேண்டும், நிதி வேண்டும். "கமிட்டியில வெச்சு மினிட்ஸ்ல ஏத்துங்க, நான் எஸ்டிமேட் போடறேன்" என்றார். மினிட்ஸ் என்றால் கூட்டத்தில் பேசி முடிவானதை எழுதிவைக்கும் குறிப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் புகார் மேல் புகார் கொடுத்துச் சலித்துப்போகிறார்கள்.

வார்டு கமிட்டி யாரும் தயவு பண்ணிக் கொடுத்ததில்லை. 1992இல் அரசியல் சாசனத்தின் 74வது திருத்தம் வந்தபோதே, மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் விஷயம் நடந்த காலத்துக் கர்நாடகச் சட்டப்படி கவுன்சிலர் தலைவர், அவரோடு 10 உறுப்பினர்கள். அதில் மூன்று பேராவது பெண்கள், இரண்டு பேராவது தலித் அல்லது பழங்குடியினர், இரண்டு பேர் குடியிருப்போர் சங்கங்களிலிருந்து. பெங்களூரில் மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம் என்று வைத்திருந்தார்கள். கவுன்சிலர்கள் போன பிறகு ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நோடல் அதிகாரியை, அதாவது பொறுப்பு அதிகாரியை நியமித்து, கூட்டத்தை அவர் தலைமையில் நடத்தினார்கள். உறுப்பினராக இல்லாதவர்களும் போய் உட்காரலாம், பிரச்சினையைச் சொல்லலாம். இது எங்களுக்குத் தெரியவே இல்லை. பெரிய அபார்ட்மென்ட்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் மாதம் தவறாமல் வருகிறார்கள், அவர்கள் ரோடு நன்றாக இருக்கிறது. எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. நாமும் போய் உட்காரவேண்டும், அவ்வளவுதான்.

போவதற்கு முன்னால் மனு தயார் செய்தோம். இதில் தையல்கடை அக்காவைச் சொல்லியே ஆகவேண்டும். ஜாக்கெட் அளவெடுக்கும் டேப்போடு வந்து ஒவ்வொரு திறப்பையும் குனிந்து அளந்தார். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில் என்று அவர் சொல்லச்சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூட நோட்டில் எழுதினாள். சில இடத்தில் கல்லே இல்லை, சில இடத்தில் பாதிக் கல் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் பிரித்து எழுதினோம். இடமும் தேதியும் படத்திலேயே பதியும் ஒரு செயலியில் போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டோம். மனுவைக் கன்னடத்தில் எழுதியதும் அதே பெண்தான். பத்தாவது வரை கன்னடம் படித்தவள். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் வீட்டு எண்ணையும் வாக்காளர் அட்டை எண்ணையும் எழுதினோம். இந்த வார்டுக்காரர்கள்தானா என்ற கேள்வியே எழாது.

மனுவைக் கூட்டத்தன்றைக்குக் கையில் கொடுக்கக்கூடாது. முன்னாலேயே வார்டு அலுவலகத்தில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளவேண்டும். 'இந்த மாதக் கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்கவும்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த வரி இருந்ததால் எங்கள் தெரு அஜெண்டாவில் ஏறியது.

கூட்டம் ஒரு சின்ன ஹாலில். பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஒரு மேசை, அதன்மேல் வருகைப் பதிவேடு. பொறியாளர், சுகாதார ஆய்வாளர், தெருவிளக்குப் பிரிவிலிருந்து ஒருவர், குடிநீர் வாரியத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார்கள். பேச்செல்லாம் கன்னடத்தில்தான். என் முறை வந்தபோது எழுந்து கன்னடத்தில் ஆரம்பித்தேன். வேகமாகப் பேசும்போது எனக்குத் தமிழ் கலந்துவிடும். நோடல் அதிகாரி, "பரவால்லம்மா, தமிழ்லயே சொல்லுங்க, புரியுது" என்றார். சொன்னேன். போட்டோக்களை மேசையில் வைத்தேன். அங்கன்வாடி என்ற வார்த்தை வந்ததும் மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து பேசினார்கள். பொறியாளரிடம் "இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுங்க" என்று சொல்லியாகிவிட்டது. நாங்கள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

வேலை அத்தோடு முடியவில்லை. கூட்டத்தின் மினிட்ஸ் வந்தபோது அதில் எங்கள் விஷயம் ஒரே வரியில் இருந்தது: 'சில தெருக்களில் மோரிப் பழுது பற்றி விவாதிக்கப்பட்டது.' தெருப்பெயர் இல்லை. 14 இல்லை. எஸ்டிமேட் போடச் சொன்னதும் இல்லை. பொறியாளரைப் பார்த்தால், "எழுத்துல இல்லாம நான் எப்படிம்மா போடறது?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தானே?

அப்போது எங்களுக்கு வழி சொன்னவர் கமிட்டி உறுப்பினர் ஒருவர், ரிட்டையர்டு பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு கூட்டமும் போன கூட்டத்தின் மினிட்ஸை வாசித்து உறுதி செய்வதில்தான் தொடங்குமாம். எல்லோரும் டீ குடித்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு அதைத் தாண்டிவிடுவார்கள். "அந்த அஞ்சு நிமிஷம்தான் உங்களுக்கு முக்கியம். அப்பவே கை தூக்குங்க. அப்புறம் பேசி பிரயோஜனமில்ல" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அந்த வரி வாசிக்கப்பட்டதும் ஆசிரியையே எழுந்தார். இது முழுமையாக இல்லை, திருத்தவேண்டும் என்று பதிவு செய்யச் சொன்னார். முத்திரை வாங்கிய பிரதியை நான் நீட்டினேன். திருத்தம் என்ன என்பதை அவர் நிதானமாகச் சொல்ல, கிளார்க் எழுதினார்: தெருப்பெயர், எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, 14 இடங்கள், பார்வையிட்டு எஸ்டிமேட் தயாரிக்க உதவிப் பொறியாளர் பொறுப்பு, அடுத்த கூட்டத்தில் அறிக்கை. எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் 'பொறுப்பு' என்று ஒரு ஆளும், 'அடுத்த கூட்டம்' என்று ஒரு கெடுவும் இருந்ததுதான் எங்கள் வேலையை நகர்த்தியது. அன்றைக்கு அந்த அம்மா பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்த நிதானத்துக்கு எங்கள் தெருவே கடன்பட்டிருக்கிறது.

மற்ற விஷயங்களையும் உட்கார்ந்து கேட்டோம். தெருமுனைக் குப்பை, நாய்க் கருத்தடை, மின்கம்பியில் உரசும் மரக்கிளை, பூங்கா போர்வெல் மோட்டார். கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் ஊர் எப்படி நடக்கிறது என்பது அங்கேதான் புரிந்தது. உதாரணத்துக்கு, மழைத்தண்ணீர் போகும் மோரி மாநகராட்சியுடையது, கழிவுநீர் போகும் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. மோரியில் கழிவுநீர் கலந்தால் இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து பார்க்கவேண்டும். கூட்டத்தில் இருவரும் ஒரே மேசையில் இருப்பதால், தேதியை அங்கேயே குறித்துவிடலாம்.

எஸ்டிமேட் வந்தது. பொதுப்பணித்துறை விலைப்பட்டியல்படி கணக்குப் போட்டிருந்தார்கள். பழையபடி சப்படிக் கல் இல்லை, கான்கிரீட் ஸ்லாப். நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: நடுநடுவே சில ஸ்லாப்களில் தூக்குவதற்கு இரும்பு வளையம் வையுங்கள், அடுத்த முறை தூர்வாரும்போது கடப்பாரை போட்டு உடைக்கவேண்டாம். பொறியாளர் உடனே எழுதிக்கொண்டார்.

அப்புறம் அனுமதி, நிதி, ஜாப் கோடு. இந்த ஜாப் கோடுதான் வேலையின் அடையாள எண். எங்களுக்கு வந்ததில் முதல் மூன்று இலக்கம் வார்டு, அடுத்த இரண்டு ஆண்டு, பிறகு வரிசை எண். அது கிடைத்த அன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே போய்க் கேட்டாலும் "தெரு என்ன, எப்ப கொடுத்தீங்க" என்று ஆரம்பிக்காமல் நேராகக் கோப்புக்கே போய்விடலாம். காத்திருப்பு நீண்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் தெருவிலிருந்து யாராவது ஒருவர் போய், அந்த ஒரு எண்ணை மட்டும் சொல்லி நிலவரம் கேட்டோம். ஒருவரே போய்க்கொண்டிருந்தால் அலுத்துவிடும், வேலைக்கும் லீவு போடமுடியாது. அதனால் முறை வைத்துக்கொண்டோம்.

ஸ்லாப் போட வந்தபோது தையல்கடை அக்கா அதே நோட்டோடு நின்று ஒவ்வொன்றாக டிக் அடித்தார். 14ம் மூடப்பட்டது. வளையமும் இருக்கிறது. அங்கன்வாடி டீச்சர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

2025 செப்டம்பரிலிருந்து பெங்களூரு ஒரே மாநகராட்சி இல்லை, ஐந்து மாநகராட்சிகள். வார்டு எல்லைகளும் மாறிவிட்டன. அதனால் இனி மனு எழுதுபவர்கள் முதலில் தங்கள் தெரு இப்போது எந்த மாநகராட்சி, எந்த வார்டு என்று சரிபார்த்துக்கொள்ளவேண்டும். பழைய எண்ணைப் போட்டால் கோப்பு வேறெங்காவது சுற்றும். மினிட்ஸ் நகல் கேட்டும் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

இப்போது தெருமுனை இருட்டுக்கு ஒரு விளக்கு கேட்டு மனு எழுதியிருக்கிறோம். கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டாகிவிட்டது. கையெழுத்து இன்னும் ஏழெட்டு வீட்டில் வாங்கவேண்டும்.