மிஷினுக்குக் கடன் கிடைத்துவிடும், மல்லாட்டைக்குக் கேட்டு வாங்க வேண்டும்

சிறுதொழிலுக்கு வங்கிக் கடன் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மிஷின் விலையை மட்டும்தான் கணக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள். மிஷினுக்குக் கடன் கிடைத்துவிடும். அது ஓடுவதற்கான சரக்கை எந்தக் காசில் வாங்குவது? இந்த இடத்தில்தான் பலர் முதல் வருடத்திலேயே படுத்துவிடுகிறார்கள். செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர்களில் மரச்செக்கு போட்டு மூடியவர்கள் உண்டு. செக்கு நன்றாகத்தான் இருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கக் காசில்லாமல் தண்டல் வாங்கினார்கள், தண்டல் கட்டவே தொழில் நடந்தது, அப்புறம் நின்றுவிட்டது. 2023இல் நான் பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடன் வாங்கியபோது, சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டுவதற்கான பணத்தை, அதாவது நடைமுறை மூலதனத்தை, கடனுக்குள்ளேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

தண்டல் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் மறுநாளே கட்ட ஆரம்பித்துவிடுவதால் அந்த 8,500 முழுதாக நம் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். முறையாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 சதவீத வட்டி வருகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலேயே வந்துவிட்டது. ஆனாலும் காலையில் கேட்டால் சாயங்காலம் பணம் தருகிறவர் தண்டல்காரர்தான், வங்கி இல்லை. சீசனில் மல்லாட்டை விலை இறங்கி நிற்கும்போது வங்கி வாசலில் போய் நின்றால் காரியம் ஆகாது. வேண்டும்போது எடுத்துக்கொள்கிற கடன் வரம்பை, அதாவது லிமிட்டை, முன்னாலேயே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

திட்டத்தின் விவரம் இதுதான். உற்பத்தித் தொழில் என்றால் 50 லட்சம் வரை போகலாம். கிராமப்புறப் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். பொதுப்பிரிவு ஆண்களுக்குக் கிராமத்தில் மானியம் 25 சதவீதம், சொந்தப் பணம் 10 சதவீதம். என் திட்ட மதிப்பு 9.5 லட்சம். அதில் நான் போட வேண்டியது 47,500, வங்கி தருவது 9,02,500. மானியம் 3,32,500. இந்த மானியம் நம் கைக்கு வராது. வங்கியிலேயே தனி வைப்பாக மூன்று வருடம் இருக்கும். அதற்கு நமக்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு நம்மிடமும் வட்டி வாங்கக் கூடாது. மூன்று வருடம் தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். "மானியத்தை வாங்கிக்கிட்டு மெஷினை வித்துடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். அதற்குக் கட்டணம் கிடையாது, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம். ஆனால் எங்கள் பகுதியில் திட்ட அறிக்கை போட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் போட்ட செக்குத் திட்ட அறிக்கையைத் தெரிந்தவர் வீட்டில் பார்த்தேன். எண்ணெய் விற்பனை எழுதியிருந்தார், புண்ணாக்கு என்ற வார்த்தையே அதில் இல்லை. செக்குத் தொழிலில் புண்ணாக்கை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் லாபம் எங்கிருந்து வரும்?

அதனால் நானே உட்கார்ந்து எழுதினேன். அதற்கு முன் இரண்டு வருடமாக அடுத்த ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டி வாங்கி, பாட்டிலில் ஊற்றி விற்றுக்கொண்டிருந்தேன். எத்தனை கிலோ போட்டேன், எத்தனை லிட்டர் வந்தது, யார் வாங்கினார்கள் என்று நோட்டில் வைத்திருந்தேன். ஜிபேயில் வந்த பணமெல்லாம் வங்கிக் கணக்கு அறிக்கையில் தேதியோடு இருந்தது. வருட விற்பனை 18 லட்சம் வரும் என்று கணக்குக் காட்டினேன்.

இந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. சிறுதொழிலுக்கு எதிர்பார்க்கும் வருட விற்பனையில் 20 சதவீதத்தையாவது நடைமுறை மூலதனக் கடனாகத் தரலாம் என்று நாயக் கமிட்டி சொல்லி, ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. 18 லட்சத்தில் 20 சதவீதம் 3.6 லட்சம். அதைத் திட்டத்துக்குள்ளேயே நடைமுறை மூலதனமாகக் காட்டினேன். மீதி 5.9 லட்சம் இரண்டு வாகை மரச்செக்கு, உடைக்கும் மிஷின், எண்ணெய் தெளிய வைக்கும் எவர்சில்வர் தொட்டிகள், கொட்டகை, மும்முனை மின் இணைப்பு எல்லாவற்றுக்கும். நிலத்தின் விலையைத் திட்டத்தில் சேர்க்க முடியாது.

மாவட்டத் தொழில் மையத்திலிருந்து விண்ணப்பம் வங்கிக்குப் போனது. முதல் கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். பத்து லட்சம் வரையான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது அப்போது இருந்த ரிசர்வ் வங்கி உத்தரவு. அதற்காகவே சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாத அறக்கட்டளையை 2000இல் மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து ஏற்படுத்தின. ஒரு சிறிய வருடக் கட்டணத்துக்கு, கடன் வாராமல் போனால் வங்கிக்கு அது பெரும்பகுதியை ஈடுகட்டும். இதைச் சொன்னபோது, "சரிம்மா, பார்க்கலாம்" என்று ஃபைலை ஓரமாக வைத்துவிட்டார்கள். பல வாரம் அப்படியே கிடந்தது. தொழில் மையத்தில் சொன்னேன், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அப்படி ஒரு வங்கி உண்டு, கிடப்பில் போன விண்ணப்பங்களை அங்கே கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. அவர்கள் சொன்னபடி வேறு கிளைக்கு மாற்றினார்கள்.

அங்கே மேலாளர் சிபில் பார்த்தார், ஆதார், பான், ஜிஎஸ்டி போட்ட கொட்டேஷன் எல்லாம் பார்த்தார். அப்புறம் பேப்பரை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோ பருப்பும்மா போகும்?"

"ரெண்டரை கிலோ சார். நல்லாக் காய்ஞ்ச பருப்புன்னா கொஞ்சம் குறையும்."

"மீதி?"

"ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாப் புண்ணாக்கு வரும் சார். மாடு வச்சிருக்கவங்க வாசல்ல வந்து வாங்கிட்டுப் போவாங்க, கடன் சொல்ல மாட்டாங்க."

நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மூலதனத்துக்கு 3.6 லட்சம் எதற்கு, இரண்டு லட்சம் போதாதா என்றார். பங்குனி சித்திரையில் வரத்து அதிகம், அப்போது வாங்கி இருப்பு வைத்தால்தான் மழைக்காலத்தில் வெளியே கூடுதல் விலைக்கு வாங்காமல் ஓட்ட முடியும் என்று மாதவாரியாக எழுதியதைக் காட்டினேன். முழுதாகவே ஒப்புதல் தந்தார். கேள்விகளை நானும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். பணம் கொடுக்கிறவருக்கு அது திரும்பி வருகிற வழி தெரிய வேண்டும், அதை நம்மைவிட வேறு யார் சொல்ல முடியும்?

ஒப்புதலுக்குப் பிறகு தொழில்முனைவோர் பயிற்சி, அதற்கப்புறம் மானியம் கோருதல். மிஷின் பணம் நேராக, அதை விற்ற கோயம்புத்தூர்க்காரர் கணக்குக்குப் போனது.

நடைமுறை மூலதனம் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்காக வந்தது. எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. விற்பனைப் பணத்தை உடனே அதில் போட்டுவிட வேண்டும், மாதாமாதம் இருப்புப் பட்டியல் கொடுக்க வேண்டும். மானியம் கழிவதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது லிமிட்டை முழுதும் எடுத்திருக்க வேண்டும், சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். கடன் என்று பயந்து எடுக்காமலே வைத்திருந்தாலும் சிக்கல்தான்.

முதல் சித்திரையில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். காயைக் காதோரம் ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று உருள வேண்டும். உருளவில்லை என்றால் ஈரம். மூட்டை மூட்டையாக ஆட்டிப் பார்த்து, பிடித்த குவியலுக்கு மட்டும் விலை எழுதினோம். பணம் கணக்கில் இருந்ததால் அவசரப்பட்டு ஈரக்காய் வாங்க வேண்டிய நிலை வரவில்லை. சி.சி.யை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அடுத்த புதுப்பிப்பில் எள்ளுக்கும் சேர்த்து லிமிட்டைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், விற்பனைக் கணக்கோடு.