குளத்தில் ஊற்றிய குளோரின் எங்கே போனது?

எங்கள் வீட்டு நீச்சல் குளம் 40,000 லிட்டர் கொள்ளும். கோவைக்கு வெளியே, பக்கத்தில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. சித்திரை வெயில் ஏறியதும் தொல்லை ஆரம்பித்தது. மாலையில் ஹைப்போ என்னும் திரவக் குளோரின் ஊற்றினால் மறுநாள் பிற்பகல் டெஸ்ட் கிட்டில் நிறமே வராது. பராமரிப்புக்கு வருபவர், "இன்னொரு கேன் ஊத்திரலாங்க" என்பார். ஊற்றினாலும் அடுத்த பிற்பகல் அதே பூஜ்யம்தான். பிள்ளைகள் இறங்கும் தண்ணீர். போகும் வழி தெரியாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் கிட்டையே சந்தேகப்பட வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ மருந்து மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். அழுக்கோடு சேர்ந்து வேலை முடிந்துபோன குளோரினும் அதில் அடக்கம். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி, கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரினைத் தனியாகச் சொல்லும். அதிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் 10 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு நீரில் 10 பங்கு) தாண்டினால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும், குழாயில் பூஜ்யம் போலத் தெரியும். 5 லிட்டர் கேன் ஊற்றிய மாலையில் மருந்து விழுந்ததும் சட்டென்று சிவந்து உடனே தெளிந்தது. ஒரு பங்கு குளத்து நீருடன் மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து பார்த்தேன், நல்ல நிறம் வந்தது. அது காட்டிய அளவை நான்கால் பெருக்கினால் 12 பிபிஎம். அந்த நேரத்தில் பூஜ்யம் என்று நம்பி இன்னொரு கேன் ஊற்றுவது ஆபத்து. ஆனால் பிற்பகல் பூஜ்யம் நிஜம். எப்படிக் கலந்து பார்த்தாலும் அதில் நிறம் வரவில்லை.

அப்புறம்தான் இரவுச் சோதனை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. பொழுது சாய்ந்ததும் ஓர் அளவு, விடியும் முன் ஓர் அளவு, நடுவில் எதுவும் ஊற்றக் கூடாது. இரவில் வெயில் இல்லையே, அப்போதும் குறைந்தால் தண்ணீருக்குள் ஏதோ குளோரினைத் தின்கிறது என்று அர்த்தம். சுத்தமான குளத்தில் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையாது. எங்களுக்கு நான்கு போனது, அதுவும் அடி பளிச்சென்று தெரியும் தண்ணீரில்!

சுவர், ஏணி, மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தும் பெரிதாக ஒன்றுமில்லை. கடைசியில் மெயினை அணைத்துவிட்டு, தண்ணீருக்கடியில் இருக்கும் விளக்கைக் கழற்றி வெளியே இழுத்தோம். அதன் பின்குழி முழுக்கக் கரும்பச்சைப் பாசி. நீரோட்டம் போகாத இடம், வெளியிலிருந்து கண்ணுக்கும் தெரியாது. தேய்த்து எடுத்து, இரவு இழப்பு ஒன்றுக்குக் கீழே இறங்கும் வரை குளோரினைக் குறையவிடாமல் வைத்திருந்தோம்.

சரி, இரவு அடங்கியது. பகலில் மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் குளோரினை உடைத்துவிடும். அதைத் தாங்கத்தான் கடையில் ஸ்டெபிலைசர் என்று கேட்டு வாங்கும் சயனூரிக் ஆசிட். நாங்கள் ஆரம்பம் முதல் ஹைப்போ மட்டுமே ஊற்றி வந்ததால் தண்ணீரில் அது துளியும் இல்லை; அது இருந்தால் கலங்க வேண்டிய சோதனைக் குழாய் கலங்கவே இல்லை. 40 பிபிஎம்முக்கு 1.6 கிலோ. பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் குளத்துக்குள் திரும்பும் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டோம். மெதுவாகத்தான் கரையும், அளவு உடனே ஏறவில்லையே என்று மேலும் போடக் கூடாது.

ஹைப்போவுக்குப் பதில் டிசிசிஏ என்னும் குளோரின் மாத்திரை போடுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. 10 பிபிஎம் குளோரின் தரும் மாத்திரை, கூடவே 6 பிபிஎம் சயனூரிக் ஆசிடையும் சேர்த்துவிடும். அது வெயிலில் ஆவியாகாது. அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் குளோரின் இருந்தும் மந்தமாகிவிடும். பாதித் தண்ணீரை மாற்றினால்தான் பாதியாகக் குறையும்.

இப்போது மாலையில் 5 இருந்தால் மறுநாள் மாலை 3 நிற்கிறது. அந்த ஸ்டெபிலைசர் அளவுக்கு 3-க்குக் கீழே விடுவதில்லை. 10 சதவீத ஹைப்போவில் தினம் 800 மில்லி போதும். வெயிலில் கிடந்த ஹைப்போ வீரியம் இழந்துவிடும் என்பதால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வைக்கிறோம். தண்ணீரின் காரத்தைக் குறைக்க ஊற்றும் ஆசிட் கேனை அதன் பக்கத்திலேயே வைப்பதில்லை. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.