வெண்டிக்காய் ரீச்சர்

எங்கட யாழ்ப்பாணப் பள்ளிக்கூட மலருக்கு எண்டு மலர்க்குழுத் தம்பி மூண்டு தரம் ஃபோன் எடுத்திட்டார், அண்ணை உங்கட கட்டுரைதான் மிச்சம், ரெண்டு பக்கம் விட்டு வச்சிருக்கிறம் எண்டு. நான் சொன்னன், தம்பி நான் கிரிக்கெட் ரீமிலயும் இருக்கேல்லை, மாணவ தலைவனும் இல்லை, ஏ.எல் எண்டுற உயர்தரம் வரைக்கும் அங்க படிக்கவும் இல்லை, நான் என்னத்தை எழுதுறது. பேந்து பழைய மலரெல்லாம் எடுத்துப் பாத்தன். பிக் மாட்ச் எண்டுற பெரிய கிரிக்கெட் போட்டி, அதிபர்மார், கெமிஸ்ற்றி சேரின்ர அடி, திரும்பவும் பிக் மாட்ச். ஆரம்பப் பிரிவு எண்டு ஒண்டு இருந்ததே ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லைப் போல. கிணத்தடிக்குப் பக்கத்தில, அரைச்சுவர் வச்ச அந்த நீளக் கொட்டில். அங்க எங்களுக்கு சித்திரம், பாட்டு, ஆட்டம் மூண்டையும் ஒரே ஆள்தான் படிப்பிச்சவ. அவவைப் பற்றித்தான் எழுதப்போறன்.

பேர் எழுதேல்லை, அவவுக்கு அது பிடிக்காது. எங்கட செற் ஆக்களுக்கு வெண்டிக்காய் ரீச்சர் எண்டா காணும். 

நான் ஆண்டு ஒண்டில சேர்ந்தது 1990 தை. ஆனி மாதம் திரும்பச் சண்டை தொடங்க கரண்ட் போச்சு, பிறகு சாமான் ஒவ்வொண்டா வராமப் போச்சு, மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எண்டு அந்த லிஸ்ற் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொப்பியே தட்டுப்பாடு, இதுக்குள்ள பஸ்ரல் பெட்டிக்கு எங்க போறது. ரீச்சர் அதைப் பற்றிப் புலம்பினதா எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாள் வந்து, நாளைக்கு எல்லாரும் வீட்டில இருந்து ஒவ்வொரு நிறம் கொண்டு வாங்கோ எண்டா, அவ்வளவுதான். அடுத்த நாள் கொட்டிலுக்குள்ள பாத்தா அடுப்புக்கரி, செங்கட்டித் துண்டு, மஞ்சள்தூள், உடுப்புக்குப் போடுற நீலம், செம்பரத்தம்பூ, ஆரோ ஒருத்தன் அப்பாச்சியின்ர வெத்திலைத் தட்டத்தில இருந்து சுண்ணாம்பு வேற.

அண்டைக்கு நடந்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. மஞ்சள் கரைச்ச சிரட்டைக்குள்ள ஒரு நகக்கண்ணளவு சுண்ணாம்பை விட்டுக் குச்சியால கலக்கினா, ரத்தச் சிவப்பு. நாங்கள் ஆவெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம். ஆரத்திக்கு வீட்டில செய்யிறதுதான், ஆனா அது அம்மாமாரின்ர வேலையெல்லோ, ஆர் கிட்டப் போய்ப் பாத்தது. பிறகு செம்பரத்தம்பூவைக் கடதாசியில தேச்சா, சிவப்புப் பூ, வந்த நிறம் ஊதா! அதில தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விட்டோண்ண திரும்பச் சிவந்து வந்திட்டுது. ஏன் ரீச்சர் எண்டு கேட்டதுக்கு, பெரிய வகுப்பில சொல்லித் தருவினம், இப்ப நீ கீறு எண்டுட்டா. பெரிய வகுப்பில அமிலம், காரம் எண்டு சேர் போர்ட்டில எழுதேக்க எனக்கு அந்தச் சிரட்டைதான் ஞாபகம் வந்தது. தூரிகைக்கு வேப்பங்குச்சி, நுனியை நாங்களே சப்பித் தும்பாக்கிறது, கைச்சாலும் துப்பக்கூடாது.

பட்டப்பேர் வந்தது அச்சுக் குத்தின நாளில. வெண்டிக்காயைக் குறுக்கால வெட்டினா அஞ்சு மூலை வச்ச பூ மாதிரி இருக்கும், அதை நீலத்தில தோச்சு பழைய பேப்பரில குத்திக் குத்திச் சேலைக்கரை மாதிரிக் கொண்டு போகலாம். வழுவழுவெண்டு வெண்டிக்காய்ப் பால் அந்த நீலத்தோட சேர்ந்து ஒரு மாதிரிப் பிடிக்கும், கையெல்லாம் பிசுபிசுக்கும். நாப்பது பிள்ளையள், ஆளுக்கு ரெண்டு வெண்டிக்காய். அண்டைக்குப் பின்னேரம் கனபேரின்ர வீட்டில குழம்பு வைக்க வெண்டிக்காய் இல்லை, அடுத்த நாள் ரெண்டு அம்மாமார் நேர பள்ளிக்கூடத்துக்கே வந்திட்டினம். ரீச்சர் சிரிச்சுக்கொண்டு அந்தக் கடதாசியளை எடுத்துக் காட்டினவ. என்ன சொன்னவ எண்டு தெரியாது, ஆனா அதில ஒரு அம்மா அடுத்த கிழமை தானா வாழைத்தண்டு வெட்டி அனுப்பினவ.

படம் கீறச் சொன்னா நாங்கள் எல்லாரும் ஒரே படம்தான் கீறுவம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், ரெண்டு மலை, நடுவில சூரியன், கீழ ஒரு ஆறு, பக்கத்தில வீடு. யாழ்ப்பாணத்தில மலையும் இல்லை, ஆறும் இல்லை! ரீச்சர் ஒருக்கா என்ர படத்தைத் தூக்கிப் பிடிச்சு, "அப்பன், உந்த மலையை எங்க கண்டனீ?" எண்டு கேட்டவ. நக்கலா இல்லை, உண்மையாவே அறியிற மாதிரி. நான் முழுசினன். அண்டைக்கே எல்லாரையும் வெளியில கூட்டிக்கொண்டு போய் கிணத்தடியில இருத்தி, கண்ணுக்குத் தெரியிறதைக் கீறுங்கோ எண்டா. தண்ணி அள்ளுற துலா, பூவரசங்கதியால் வேலி, அங்கால பனை. என்ர துலா கிணத்தை விட்டுட்டு ஆகாயத்தில நிண்டது, அதைத் திருத்தேல்லை. வகுப்பில ஒருத்தன் குண்டு போடுற பொம்மர் பிளேன் கீறினவன், கோயில் கோபுரத்தை விடப் பெரிசா. அவனுக்குப் பக்கத்தில குந்தி இருந்து, நீலம் காணுமா ராசா, இன்னும் கரைக்கட்டோ எண்டு மட்டும்தான் கேட்டவ.

இப்ப பாட்டுக்கு வாறன், இதுதான் நான் எழுத வந்த விசயம்.

ரீச்சர் மருதனார்மடத்தில இராமநாதன் இசைக்கல்லூரியில படிச்சவ எண்டு அம்மா சொல்லுறவ. எங்கட ஊரில பாட்டுப் படிக்கிறது எண்டா ரியூசன், வட இலங்கை சங்கீத சபைச் சோதினை, முதலாந்தரம் ரெண்டாந்தரம் எண்டு சேர்ட்டிபிக்கேற் அடுக்கிறது. அதில பிழை சொல்லேல்லை, 1931 இல தொடங்கின சபை, அவையின்ர சோதினை எடுத்து வந்தவைதான் எங்கட முக்கால்வாசி ஆசிரியர்மார். ஆனா ஏழு எட்டு வயசுப் பிள்ளையள் நாப்பது பேருக்கு, அதில என்னை மாதிரி சுருதியே பிடிபடாத பத்துப் பேரோட, சங்கீதத்தில முதல் பாடமான சரளி வரிசையை எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது? ரீச்சர் முத்தத்தில தடியால கீறினா. கெந்தி விளையாடுறதுக்குக் கீறுவமே, அது மாதிரி நீளத்துக்கு எட்டுக் கோடு, ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ச ரி க ம ப த நி ச எண்டு எழுத்து. பாடிக்கொண்டு கோட்டில இருந்து கோட்டுக்குப் பாயவேணும்.

ஆனா கோடுகள் சம தூரத்தில இல்லை. ச-வும் ரி-யும் ஒட்டினாப்போல, ஒரு பாதம்தான். ரி-யில இருந்து க-வுக்கு ஒரு பெரிய பாய்ச்சல், சின்னாக்கள் நடுவில விழுவினம். திரும்ப க-வும் ம-வும் கிட்ட. ம-வில இருந்து ப கொஞ்சம் எட்டி, பிறகு திரும்பவும் அதே கணக்கு, த கிட்ட, நி தூர, மேல் ச கிட்ட. ஏன் ரீச்சர் கோணல் மாணலாக் கீறி வச்சிருக்கிறியள் எண்டு நாங்கள் கேட்டம். அது அப்பிடித்தான் மோனை, பாடிப் பார் எண்டா. நான் பாடினா ச-வும் ரி-யும் ஒண்டாத்தான் போகும், ஆனா காலுக்குத் தெரியும் எங்க கிட்ட, எங்க தூர எண்டு. பாயேக்க வாய் தானா எட்டிப் போகும். எண்டாலும் என்ர குரல் கடைசிவரைக்கும் சரிவரேல்லை, அதை மறைக்கேலாது.

தாளமும் அப்பிடித்தான். ஆதி தாளம் எண்டு பேர் சொல்லவேயில்லை, ஒரு தட்டு, மூண்டு விரல், பிறகு தட்டி வீசி, தட்டி வீசி, எட்டு. எட்டாம் வாய்பாட்டை அதில போட்டுத்தான் நாங்கள் பாடமாக்கினது. அதையே எழும்பி நிண்டு காலில போடச் சொல்லுவா, அரைமண்டி இருந்து தெய்யா தெய், தெய்யா தெய் எண்டு. பெடியள் பெட்டையள் எல்லாரும். மேல் வகுப்புப் பெடியள் அரைச்சுவருக்கு மேலால எட்டிப் பாத்துச் சிரிப்பாங்கள், ரீச்சர் அவங்களையும் உள்ள கூப்பிட்டு இருத்தி எழுப்பினவ, ரெண்டு நிமிசத்தில தொடை நடுங்கி ஓடிட்டாங்கள். 

1993 பரிசளிப்பு விழாவுக்கு வரவேற்புப் பாட்டுப் பழக்க வெளியில இருந்து ஒராள் வந்தவர். ஆர் எவர் எண்டதை விடுவம். முதல் நாளே ஒவ்வொருத்தரின்ர வாய்க்குக் கிட்டக் காது வச்சுக் கேட்டுக்கொண்டு வந்தவர், எனக்கு முன்னால நிண்டு, "நீ சத்தம் போடாதை, வாயை மட்டும் அசை" எண்டார். எனக்கு ஒம்பது வயசு. வீட்டில சொல்லேல்லை. நாலு கிழமை ரிகேர்சலில வாயை அசைச்சன், அதுவும் நல்லா அசைச்சன், பின் வரிசையில வச்சவர் ஏனெண்டா உயரம்.

ரீச்சர் இதைப் பாத்திருக்கிறா. அவவின்ர அருவிவெட்டு நடனம் அதே விழாவில, கசற்றில பாட்டு, கரண்டும் இல்லை பற்றரியும் இல்லை, அப்ப சைக்கிள் டைனமோதான். சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பெடலைக் கையால சுத்தச் சுத்த வயர் வழியாக் கரண்ட் ரேப் ரெக்கோடருக்குப் போகும், ஊர் அண்ணை ஒராள் நடுவில ஏதோ சாமான் வச்சுச் சரிப்பண்ணித் தந்தவர். ஆர் சுத்துறது? என்னைக் கூப்பிட்டா. பெலத்த பெடியள் எத்தினை பேர் நிக்க ஏன் நான் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. பெலத்தவங்கள் சுத்தினா பாட்டு ஓடும், களைச்சா இழுபடும், பாடுற அம்மாவின்ர குரல் ஆம்பிளைக் குரலாகிப் பேந்து மாடு கத்துற மாதிரி வரும், அரிவாளோட நிக்கிற பிள்ளையளும் அதோட சேர்ந்து மெதுவாக் குனிவினம். நான் மனசுக்குள்ள தட்டு, மூண்டு விரல் எண்டு எண்ணிக்கொண்டு சுத்தினன், ஒரே மாதிரிப் போகும். ரீச்சர் இதை வச்சே மூண்டு காலமும், அதாவது மூண்டு வேகமும், படிப்பிச்சவ, கசற்றை நிப்பாட்டிப்போட்டு, இப்ப இவன் ஒருக்காச் சுத்திற நேரத்தில நீங்கள் ஒரு அடி, இப்ப ரெண்டு, இப்ப நாலு எண்டு.

விழா அண்டைக்குப் பாட்டு முடிய மேடையால குதிச்சுப் பின்னால ஓடினன். திரைக்குப் பின்னால சைக்கிள். முன்னால சனம், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம், எனக்குப் பதட்டம், கையில வேர்வை. எண்ணுறது எங்கயோ விட்டுப்போச்சு. நடனம் ஒத்திகையில எடுத்த நேரத்துக்கு நல்லா முன்னமே முடிஞ்சிட்டுது, பிள்ளையள் கடைசியில நெல்லு வெட்டேல்லை, பேய் கலைச்ச மாதிரி ஓடிச்சினம். சனம் விசிலடிச்சுக் கை தட்டினது, அப்பிடித்தான் அந்த நடனம் எண்டு நினைச்சிருப்பினம். ரீச்சர் பின்னால வந்து என்ர தலையைக் குழப்பி, அறுவடையை நாளைக்கு வை எண்டா இண்டைக்கே முடிச்சிட்டாய் எண்டா.

ஆண்டு அஞ்சில வேற ரீச்சர், புலமைப்பரிசில் சோதினை. சித்திரப் பாடம் ரைம்ரேபிளில இருந்தது, ஆனா அந்த நேரம் பழைய சோதினைப் பேப்பர் செய்தம். ஆண்டு ஆறில சித்திரம், சங்கீதம், நடனம் எண்ட அழகியல் பாடங்களில ஒண்டைத்தான் எடுக்கலாம் எண்டு சொல்லி, பெடியள் எல்லாரையும் கேளாமலே சித்திரத்துக்கு எழுதினவை, பெட்டையளுக்கு நடனம், குரல் உள்ளவைக்குச் சங்கீதம். சித்திர வகுப்பில ஒரு செம்பு, ரெண்டு மாங்காய், பின்னால ஒரு துணி, வருசம் முழுக்க அதே செம்பு. எனக்கு இண்டைக்கும் அதில கோவம் இருக்கு, செம்பில இல்லை. மூண்டையும் ஒண்டாத் தந்துபோட்டு பத்து வயசில மூண்டு துண்டா வெட்டி, உனக்கு இதுதான் எண்டு நீட்டினதில. சண்டையால சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 ஐப்பசி 30 இடப்பெயர்வோட அதுவும் போச்சு. தென்மராட்சியில ஒரு மாமரத்துக்குக் கீழ ரீச்சர் சின்னப் பிள்ளையளைச் சேர்த்துப் பாட்டுச் சொல்லிக் குடுத்தவ எண்டு கேள்விப்பட்டன், நான் காணேல்லை.

இப்ப இஞ்ச கனடாவில, ஸ்காபரோவில என்ர மகள் கிரேட் 4. ரிப்போர்ட் கார்ட்டில டான்ஸ், ட்ராமா, மியூசிக், விசுவல் ஆர்ட்ஸ் எண்டு நாலும் வருது, ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில நாலும் எல்லாப் பிள்ளையளுக்கும் உண்டு, ஆம்பிளை பொம்பிளை பாக்கிறேல்லை. நல்ல விசயம்தான், ஆனா நாலு பெட்டிக்குள்ள நாலு. சனிக்கிழமை பரதம், ஞாயிறு கீபோர்ட், நடுவில நான் ட்ரைவர்.

போன வருசம் கீபோர்ட்டில அவ எதையோ தட்டிக்கொண்டிருக்க, நான் சும்மா கிட்டப் போய், சரளி வரிசை படிக்கிற ராகம் மாயாமாளவகௌளை எப்பிடி வரும் எண்டு கேட்டன், அவவின்ர மிஸ் எழுதிக் குடுத்திருந்தவ. சீ, டீ பிளாட், ஈ, எஃப், ஜீ, ஏ பிளாட், பீ, சீ. விரல் வைக்கிற இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். கிட்ட, தூர, கிட்ட, எட்டி, கிட்ட, தூர, கிட்ட. முத்தத்தில கீறின அதே கோடு. இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல நான் அதை ரீச்சரின்ர கை கோணினது எண்டுதான் நினைச்சிருந்தனான். ட்ரைவ்வேயில சோக்கால கீறிக் காட்டினன். பிள்ளை ரி-யில இருந்து க-வுக்குப் பாஞ்சு நடுவில விழுந்தா.

ஒரு உதவி. அந்த 1993 விழாவில ஸ்ரூடியோக்காரர் படம் எடுத்தவர், ஃபிலிம் தட்டுப்பாடு எண்டு பாட்டுக்கு ஒண்டு, நடனத்துக்கு ஒண்டுதான். ஆரிட்டயும் இருந்தா ஸ்கான் பண்ணி மலர்க்குழுவுக்கு அனுப்புங்கோ. நடனப் படத்தில நான் இல்லை. பாட்டுப் படத்தில பின் வரிசையில இடப்பக்கம் மூண்டாவதா, எல்லாரையும் விடப் பெரிசா வாயைத் திறந்துகொண்டு நிக்கிறது நான்தான்.