ஷெட்யூல் நாட்குறிப்பு: அம்பத்தூர், 2023

30 நவம்பர், வியாழன்

நாங்கள் தகட்டில் அடித்துக் கொடுக்கும் பிராக்கெட்டுகளை வாங்கும் வாகன ஆலைதான் எங்கள் வாடிக்கையாளர். எந்த வாரம் எத்தனை வேண்டும் என்று சொல்லும் அவர்களுடைய முன்கணிப்பு ஷெட்யூல் இன்று வந்தது. முதல் நான்கு வாரம் உறுதி. அடுத்த நான்கு வாரத்துக்குத் தகடு வாங்க மட்டும் அனுமதி. அதற்கப்பால் உள்ளவை வெறும் கணிப்பு, யாரும் கையெழுத்திடாத எண்கள். ஜனவரி பிற்பாதியில் பிராக்கெட் தேவையைக் கால்பங்கு குறைத்திருக்கிறார்கள். முந்தைய ஷெட்யூல்களைப் பார்த்து வாங்கிய காயில்களோ (தகட்டுச் சுருள்கள்) ஏற்கெனவே ஸ்டோர்ஸில் இறங்கிவிட்டன. எஃகு ஆலை காயில் கொடுக்கப் பத்து வாரம் கேட்கிறது, வாடிக்கையாளர் எட்டு வாரத்துக்குத்தான் பொறுப்பேற்கிறார். நடுவில் உள்ள இரண்டு வாரம் யார் தலையில் விடியும்?

3 டிசம்பர், ஞாயிறு

நாளை பொது விடுமுறை என்று அரசு அறிவித்துவிட்டது. தினசரி ஷெட்யூலில் நாளைக்குரிய 480 பிராக்கெட் அப்படியே நிற்கிறது.

5 டிசம்பர், செவ்வாய்

மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டதாம். எங்கள் தெருவில் தண்ணீர் இன்னும் இடுப்பளவு. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்குள் யாரும் போக முடியவில்லை.

7 டிசம்பர், வியாழன்

வாடிக்கையாளரின் உற்பத்தி லைன் ஓடுகிறது என்பதால் தொலைபேசி ஓயவில்லை. எல்லாக் குழப்பமும் கூட்டுக்கணக்கில்தான். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இன்றுவரை அவர்களுக்குத் தேவைப்பட்டது 83,520. அவர்கள் பெற்றதாகக் காட்டுவது 81,600. ஆகவே உடனடியாக அனுப்ப வேண்டியது 1,920 என்று ஷெட்யூலின் முதல் வரி சிவப்பில் கத்துகிறது. நாங்கள் அனுப்பியது 82,560. புயலுக்கு முன் கிளம்பிய இரண்டு லாரிகளில் இருக்கும் 960 பிராக்கெட்டுகளும் அவர்களுடைய கேட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. சரக்கு கிளம்பியதைச் சொல்லும் ஏ.எஸ்.என். முன்னறிவிப்பை அனுப்பியாயிற்று, ஆனாலும் சரக்கு இறங்கி ஜி.ஆர்.என். என்ற வரவு ரசீது போடும்வரை அவர்கள் கணக்கில் ஏறாது. உண்மையான பாக்கி 960 மட்டுமே. "சிஸ்டத்துல இருக்கறத அனுப்புங்க சார்" என்கிறார் அந்தப் பக்கத்துப் பிளானர். அவர் சொன்னபடி அடித்துக் குவித்தால் மிஞ்சும் சரக்கை அடுத்த வாரம் அவரே தேவையில்லை என்பார்.

8 டிசம்பர், வெள்ளி

பத்து வாரம், எட்டு வாரம்.

9 டிசம்பர், சனி

ஸ்ரீபெரும்புதூரில் வாகன ஆலைக்குச் சீட் (இருக்கை) கொடுக்கும் நண்பரிடம் பேசினேன். வண்டி பெயிண்ட் ஷாப்பைவிட்டு வெளியே வந்த பிறகுதான் எந்த நிறச் சீட், எந்த வரிசையில் என்ற செய்தி அவருக்கு வரும். சில மணி நேரத்துக்குள் அதே வரிசையில் டிராலியில் அடுக்கி லைனுக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டுக்கணக்குச் சண்டைக்கே அங்கே இடமில்லை, ஆனால் ஒரு சீட் வரிசை மாறினால் லைன் நின்றுவிடும். எனக்கு என் தலைவலியே போதும் என்று தோன்றியது.

11 டிசம்பர், திங்கள்

இரண்டு லாரிகளுக்கும் ரசீது விழுந்துவிட்டது. பாக்கி 960ஐ நாளொன்றுக்கு 120 கூடுதலாக எட்டு நாளில் கொடுக்க ஒப்புக்கொண்டு தினசரி ஷெட்யூலைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். நிம்மதியாக இருந்திருக்கும், ஜனவரியைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால்: இன்னும் குறைத்திருக்கிறார்கள்.

ஸ்டோர்ஸில் கீழ்வரிசைக் காயில்கள் ஓரமெல்லாம் துரு ஏறிக் கிடக்கின்றன. அவை எல்லாம் அந்த இரண்டு வாரத்துக் காயில்கள். காப்பீட்டுச் சர்வேயர் நாளை வருகிறார். எந்த ஷெட்யூலுக்காக வாங்கியவை என்று முதலில் கேட்பார்.