மழைக்குப் பிறகு மூன்றைத் தாண்டிய முள்

ஹூஸ்டனில் இரண்டு நாள் மழை விட்டதும் சிபி ரேடியோவை (பொதுமக்கள் குறுகிய தூரத்துக்குப் பேசிக்கொள்ளும் வானொலி) போட்டேன். லாரிக்காரர்கள் பேசும் 19-ஆம் சேனலில் வெறும் இரைச்சல். அனுப்பும் சக்தி ஆன்டெனாவுக்குள் போகாமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் முள் 3-ஐத் தாண்டி நின்றது; 1-ஐ ஒட்டி இருந்தால்தான் நல்லது. போன மாதம் 1.3 காட்டியது. முதல் சேனலான 1-இல் மட்டும் ஏறியிருந்தால் ஆன்டெனா குட்டை, கடைசிச் சேனலான 40-இல் மட்டும் என்றால் நெட்டை. இதுவோ எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரி. சரி, ரேடியோவிலிருந்து கூரை ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்மேல்தான் சந்தேகம்.

கூரையேறினேன். (ஏணியைப் பிடித்திருந்த மனைவி சொன்னதை எழுத முடியாது.) கேபிளை இரு முனையிலும் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். தொடர்பே இருக்கக் கூடாது. சில ஆயிரம் ஓம் காட்டியது. கனெக்டரை உதறினால் தண்ணீர் சொட்டியது. செம்பு வலை பச்சை பூத்துக் கிடந்தது. முன்பு வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கியவன் நான்தான்.

பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டினேன், இரண்டடி போயிற்று. புது கனெக்டரைப் பற்றவைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றினேன். அப்புறம் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டேன். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

முள் 1.4. முதலில் கேட்ட குரல் ஐ-10 சாலையில் போகும் ஒரு லாரிக்காரருடையது. மறுபடி மழை வருகிறதாம்.